சும்மா இருந்தவரின் சம்பளம்

இந்த நாற்காலியில் உட்காருங்கள். அந்த இன்னொன்றில் பெயிண்ட் இன்னும் காயவில்லை, உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். டீ சொல்லியிருக்கிறேன். விசாரணைக்கு வந்த இடத்தில் டீ குடித்தால் லஞ்சம் ஆகிவிடாது. அப்படியே ஆனாலும் சின்ன லஞ்சம்தான், சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஒரு கையெழுத்துக்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் போய்விட்டவரைப் பற்றி அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அதோடு விஷயத்தை முடித்துவிடுவீர்கள். டயர்க்கடைக்காரர் “நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல” என்று சொல்லித் தப்பித்துவிட்டாராம். நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லப்போகிறேன். உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் ஒழுங்காக வரி கட்டுகிறவள். இந்தத் தெருவில் பில் போட்டு விற்கிற பெயிண்ட் கடை இது ஒன்றுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் படியேறும்போதே “பில் வேணாங்க்கா, வரியக் கழிச்சிக் குடுத்துருங்க” என்பார்கள். மாட்டேன் என்றால் தெருமுனைக் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்கு ‘வரியக்கா’ என்று பெயர் வந்தது அப்படித்தான். கேலிக்கு வைத்த பெயர், ஆனால் எனக்கு உள்ளூரப் பெருமை.

என் வீட்டுக்காரர் மட்டும் சொல்வார், “நீ வரி கட்டற கட்டுல, அரசாங்கமே நம்ம வீட்டு வேலையாள்னு நெனச்சிக்கற. ஒருநாள் முதலமைச்சரக் கூப்பிட்டு முறம் எடுத்துட்டு வரச் சொல்லப்போற.” அவர் அப்படித்தான், எதையும் சிரித்தே சொல்வார். பின்கட்டில் பெயிண்ட் கலக்கிக்கொண்டே சொல்வார்.

ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். மாநில அரசு விற்பனை வரியை ஏற்றியது. ஏற்றிய சூடு ஆறுவதற்குள் மறுபடி ஏற்றியது. வண்டிக்கு வரி, கடைப் பலகைக்கு வரி. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை மூடி இல்லை. ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு ஒன்று கட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் இன்னும் உயரமாக ஒன்று கட்டினார்கள். இரண்டும் என் காசு. பேப்பரைத் திறந்தால் முழுப் பக்க விளம்பரம், அமைச்சர்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். என் வரியில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சிறு கடைக்காரர்கள் சேர்ந்து வரி செலுத்துவோர் சங்கம் தொடங்கினோம். நான் செயலாளர். வளைவுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அமைச்சர்களின் புதுக் கார்களைப் பற்றிக் கேட்டோம், பதிலே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் செலவுக் குறைப்புக் குழு என்று ஒன்றை அமைத்தது. உங்கள் ஊரில் எது வீண் செலவு என்று நீங்களே சொல்லுங்கள், வந்து பார்ப்போம், குறைத்துக் காட்டுகிற ஊரில் சிறு வணிகருக்கு வரிச் சலுகை தருவோம் என்றார்கள். எங்களுக்குக் கை பரபரத்தது. ஊரெல்லாம் வீண் செலவைத் தேடினோம். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய செலவுக்கு முகம் கிடையாது. அது எங்கோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு தாளில் நடந்து முடிந்துவிடும். சின்னச் செலவுதான் நம் கண்ணெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

என் கண்ணெதிரே அவர் உட்கார்ந்திருந்தார்.

இந்த வாசலில் நின்று பாருங்கள், ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையின் வாய் நேராகத் தெரியும். அந்த இரும்புக் கதவை ஒட்டித்தான் அவருடைய நாற்காலி இருந்தது. எதிர்ப்பக்க வாயிலும் அதே மாதிரி ஒரு கதவு உண்டு, இரண்டுக்கும் ஒரே சாவி. மழை பெய்து பாதையில் தண்ணீர் ஏறினால் கதவை இழுத்துப் பூட்ட வேண்டும், பக்கத்தில் இருக்கிற பம்ப் ரூமைத் திறந்து மோட்டாரை ஓட்டித் தண்ணீரை இறைக்க வேண்டும். அதற்காக மாநில அரசு போட்ட ஆள். மழை இல்லாத மாதங்களில் ஊரார் அவரைப் பார்த்ததெல்லாம் அந்த நாற்காலியில்தான். ‘நாற்காலிக்காரர்’ என்றுதான் சொல்வார்கள்.

நான் மட்டும் வேறொன்றையும் பார்த்திருக்கிறேன். நான் கடையைச் சீக்கிரம் திறக்கிறவள். வண்டி நடமாட்டம் தொடங்குமுன் அவர் முழங்கால்வரை துணியை மடித்துக்கட்டிக்கொண்டு பாதைக்குள் இறங்குவார். நீளமான கொக்கிக் கம்பியால், தண்ணீர் போகிற சல்லடையில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக் பை, இலை, சேறு எல்லாவற்றையும் இழுத்துப்போடுவார். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்பார், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி. கதவுச் சங்கிலிக்கு எண்ணெய் போடுவார். மற்ற கடைகள் திறக்கும்போது கை கால் கழுவி, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

வேலை முடிந்து சில நாள் இங்கே வருவார். “என்ன விஷயம்?” என்றால், “சும்மாதாங்க்கா” என்பார். கையில் ரத்தம் வடிய நிற்பார். என்ன ஆச்சு என்று பதறினால், “சும்மா, லேசா கம்பி கிழிச்சிருச்சு.” மகளுக்குத் தையல் கடையில் வேலை கிடைத்த அன்று மிட்டாய் பொட்டலத்தோடு வந்தார். “சும்மா குடுத்துட்டுப் போலாம்னு.” மனைவி போன பிறகு அந்தப் பெண்ணைத் தனி ஆளாக வளர்த்தவர். அதைப் பற்றிக் கேட்டாலும் சும்மா என்றுதான் சொல்லியிருப்பார். நம்மில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு இல்லையா? செய்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு, அதன்மேல் சும்மா என்று ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவோம்.

சங்கத்தின் மனுவில் அவர் வேலையைத்தான் எழுதிக் கொடுத்தோம். ‘மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் சும்மா இருக்கும் பணியாளர்.’ வாசகம் என்னுடையதுதான்.

குழு வருவதற்கு முதல் நாள் அவர் என்னிடமே வந்தார். “அக்கா, என்னமோ என்கொயரின்னு கூப்பிட்டிருக்காங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். என்ன சொல்லணும்?”

நான் யோசித்துத்தான் சொன்னேன். “கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பெருமையடிச்சிக்காதீங்க, அதிகாரிங்களுக்குப் பிடிக்காது.”

“நான் என்னத்தக்கா பெருமையடிக்கப்போறேன்?” என்று சிரித்தார்.

நல்ல யோசனைதானே? யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வாயிலிருந்து எந்த வார்த்தை வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விசாரணை எங்கள் சங்கக் கட்டடத்தில் நடந்தது. குழுவின் செயலாளர் மெலிந்த மனிதர், மரியாதையானவர். அவர் கேட்டார், “மழை இல்லாத நாள்ல உங்களுக்கு என்ன வேலை?”

“சும்மாதாங்கய்யா இருப்பேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார், பாவம், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல்.

“சும்மான்னா? என்ன செய்வீங்க?”

“சும்மான்னா... இருப்பேங்க. பாத்துக்கிட்டு.”

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “உங்க கடை எதிர்லதானே? நீங்க சொல்லுங்க.”

“தினமும் பாக்கறேங்க. நாற்காலியிலதான் இருக்காரு,” என்றேன்.

அது பொய் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் பேசி உட்கார்ந்ததும் அவர் என்னைப் பார்த்து நன்றியோடு தலையை ஆட்டினார். ஒழுங்காக வேலைக்கு வருகிறேன் என்று அக்கா சாட்சி சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

வேலை போயிற்று. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கி, தண்ணீர் ஏறினால் தானே ஓடுகிற மோட்டாரை வாங்கிப் பொருத்துவார்கள் என்று முடிவானது. அதுவரை? நான்தான் கையைத் தூக்கினேன். “சாவி எங்க சங்கத்துக்கிட்ட இருக்கட்டும். மழை வந்தா நாங்களே பூட்டிக்கறோம். ஒரு பைசா வேணாம்.” கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் சாவிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பெரிது கதவுக்கு, சிறிது பம்ப் ரூமுக்கு. என்னைப் பாதை வாய்க்கு அழைத்துப்போய் சுவரில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார். “தண்ணி இதத் தொட்டதும் கதவ இழுத்துருங்கக்கா. முன்னாடியே இழுத்தா வண்டிக்காரனுங்க திட்டுவானுங்க. அப்புறமா இழுத்தா பிரயோஜனமில்ல.” பிறகு தயங்கிக் கேட்டார், “சாவிய உங்ககிட்ட குடுத்துட்டேன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லணுமா?”

“நான் சொல்லிக்கறேன், நீங்க போங்க,” என்றேன். சொல்லவில்லை. அப்போது நிஜமாகவே மறந்துதான் போனேன்.

வரிச் சலுகையும் வந்தது. ஒரு வருஷத்துக்கு என் கடைக்கு மிச்சமானது ஒரு நல்ல ஏணியின் விலை. அந்த ஏணியை வாங்கவும் செய்தேன், அதோ, சுவரில் சாய்த்திருக்கிறது.

அவர் டைல்ஸ் கிடங்கில் சுமை ஏற்றப் போனார். அந்த வயதில் செய்கிற வேலையா அது? அப்படியும் காலையில் இந்தப் பக்கம் வந்து கொக்கிக் கம்பியோடு பாதைக்குள் இறங்குவதை நிறுத்தவில்லை. பம்ப் ரூம் பூட்டியிருக்கிறது, சல்லடையை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் போவார். என்ன இது என்று ஒருநாள் கேட்டேன். “சும்மா, நடக்க வந்தேங்க்கா,” என்றார். என் வீட்டுக்காரர் பின்கட்டிலிருந்து சொன்னார், “சம்பளமே இல்லாம அரசாங்க வேலை பாக்கறாரு. உங்க சங்கம் கேட்டது இதத்தானே? ஒரு மாலை போட்டுருங்க.” எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

இனி அன்றைய மழை.

அன்று சாயங்காலம் எங்கள் சங்கத்துக்குப் பாராட்டுக் கூட்டம். அந்த மெலிந்த செயலாளரே வருகிறார். எங்கள் ஊரை மாதிரியாக வைத்து மாநிலம் முழுவதும் இந்த மாதிரி வேலைகளை எடுத்துவிடப்போவதாக அறிவிப்பார் என்று பேச்சு. நான் பேசுவதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ‘ஒருவருக்கும் சம்பளம் இல்லாமல் ஒரு சுரங்கப்பாதை’ என்று தொடங்கலாம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பிடித்த மழை விடவே இல்லை. நான் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்லமுடியும், யாரும் மறுக்கப்போவதில்லை. பார்த்தேன். கதவைப் பூட்டினால் செயலாளரின் கார் வருகிற வழி அடைபட்டுவிடும். பூட்டினால் மட்டும் போதாது, மோட்டாரை ஓட்ட வேண்டும், எனக்கோ சங்கத்தில் வேறு யாருக்குமோ ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். பாராட்டுக் கூட்டம் நடக்கிற நாளில், ஊரே பார்க்க, அவரையே கூப்பிட்டு மோட்டாரை ஓட்டச் சொல்வதா? மழை விட்டுவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்று எழுதுங்கள், அதுதான் சரி.

அவரே வந்தார். கிடங்கிலிருந்து ஓடியே வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. தலையில் ஒரு சாக்கைப் போட்டிருந்தார். பெயிண்ட் டின்கள்மேல் தண்ணீர் சொட்டக்கூடாது என்று படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

“அக்கா, சாவியக் குடுங்க. தண்ணி கோட்டத் தாண்டிருச்சு.”

சாவிக்கொத்து என் இடுப்பில் செருகியிருந்தது. சேலைத் தலைப்பு அதை மூடியிருந்தது.

“சாவி எங்கிட்ட இல்லையே,” என்றேன். “அன்னிக்கே ஆபீஸ்ல குடுத்துட்டேனே.”

என் குரலில் எந்த மாற்றமும் இல்லை. பில்லுக்குச் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல வந்தது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நம்பினார். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற முகம் அது.

“அப்ப சரிக்கா. ஆபீசுக்குப் போய்ட்டு வர நேரமில்ல. நான் சும்மா போயி நின்னு வண்டிங்களத் திருப்பி விடறேன்.”

போனார். தலையிலிருந்த சாக்கைக் கையில் எடுத்து வீசி வீசி வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்ததை இங்கிருந்தே பார்த்தேன். நிறையப் பேர் திரும்பினார்கள். சிலர் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். ஆனால் அவர் ஒருவர், பாதைக்கு இரண்டு வாய். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சரக்கு ஆட்டோ இறங்கி நடுவில் நின்றுவிட்டது. அந்த டிரைவர் உங்களிடம் சொல்லியிருப்பான். தண்ணீருக்குள் வந்து ஆட்டோவின் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்து, அவனை மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டது அவர்தான். தண்ணீர் இன்னும் ஏறுகிறதே என்று சல்லடை அடைப்பை எடுக்கக் குனிந்தார் என்று அவன் சொல்கிறான். அதற்குப் பிறகு அவன் அவரைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை, தண்ணீர் வடிகிறவரை.

பாராட்டுக் கூட்டம் ரத்தாயிற்று. சங்கம் அதற்குப் பதிலாக இரங்கல் தீர்மானம் போட்டது. அதை எழுதினதும் நான்தான். நன்றாக வந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு உங்கள் துறையில் சாவியைத் தேடினார்கள். அலுவலகத்தில் இல்லை. சங்கத்துக்கு வந்து சேர்ந்ததாகவும் எழுத்தில் எதுவும் இல்லை, என்னைத் தவிர சங்கத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. கடைசியாக யாரிடம் இருந்தது? அவரிடம். அப்படியானால் வேலை போன கோபத்தில் அவர்தான் ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டார், அவரால்தான் கதவு பூட்டப்படவில்லை, அவரே அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கினார், ஆகவே குடும்பத்துக்கு எந்தத் தொகையும் தருவதற்கில்லை. இதைத்தானே எழுதி வைத்திருக்கிறீர்கள்? கணக்கு சரியாகத்தான் வருகிறது. நான் எதுவும் செய்யவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பழி தானாகப் போய் அவர்மேல் உட்கார்ந்துகொண்டது.

அவர் மகள் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலிதான். முகம் இத்தனூண்டாகிப்போயிருந்தது.

“பெரியம்மா, அப்பா உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுவாரு. சாவிய எங்க வச்சேன்னு எதுனா சொன்னாரா? வீட்டத் தலைகீழாப் பொரட்டிட்டேன். தலகாணியக்கூடப் பிரிச்சிப் பாத்துட்டேன்.”

தையல்காரப் பெண், ஒரு தையல்கூட அறுபடாமல் நிதானமாகத்தான் பிரித்திருப்பாள்.

“அந்தச் சாவி கெடச்சா, அத ஆபீஸ்ல குடுத்து, எங்கப்பா திருடன் இல்லைன்னாவது சொல்லிடுவேன் பெரியம்மா. பணம்கூட வேணாம்.”

அவளுக்கு நான் டீ ஊற்றினேன். நடக்கும்போது இடுப்பில் சாவி கிலுங்கும் இல்லையா, அதனால் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊற்றினேன். “இடுப்பு வலியா பெரியம்மா?” என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன். “நல்லாத் தேடிப் பாரு, கெடைக்கும்,” என்றும் சொன்னேன். அவள் எழுந்து என் இடுப்பைப் பிடித்துவிட வந்தாள். வேண்டாம் என்று விலகிக்கொண்டேன்.

அவள் போன பிறகு திரும்பினேன். பின்கட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், கையில் பெயிண்ட் கலக்குகிற குச்சியோடு. மழையன்றைக்கும் அவர் அங்கேதான் இருந்தார். இந்தக் கொத்தின் சத்தம் அவருக்குத் தெரியாதா? அன்றிலிருந்து வீட்டில் கேலி கிடையாது. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். உப்பு அதிகமானாலும் சொல்வதில்லை.

எனக்கும் தூக்கம் இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் கண் அந்தப் பக்கம்தான் போகிறது. நாற்காலியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள், சல்லடையில் குப்பை அப்படியே கிடக்கிறது. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். அவரைப் பிடிக்கும். இந்தத் தெருவில் என்னை வரியக்கா என்று சொல்லாமல் வெறும் அக்கா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

டீ ஆறிவிட்டது, வேறு சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

இந்தாருங்கள். பெரிது கதவுக்கு, சிறிது பம்ப் ரூமுக்கு. இரண்டும் அன்று முதல் இன்றுவரை என்னிடம்தான் இருந்தன. அவர் கேட்டபோதும் இருந்தன, அவர் மகள் கேட்டபோதும் இருந்தன. நான் கொடுத்திருந்தால் அவர் கதவைப் பூட்டிவிட்டு, மோட்டாரை ஓட்டிவிட்டு, ஈரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். நான் கொடுக்கவில்லை. அவரைக் கொன்றது நான். இப்படியே எழுதுங்கள், மெருகேற்ற வேண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய தொகையை அரசாங்கம் குறைக்காமல் கொடுத்துவிடட்டும். இந்தக் கடையையோ வீட்டையோ விற்றுக் கொடுப்பதென்றால் வழக்கு, இழுபறி என்று அவளுக்குத்தான் அலைச்சல். அரசாங்கம் கொடுப்பதுதான் முறை. எங்கள் சங்கத்தில் யாராவது அதை வீண் செலவு என்று ஆரம்பித்தால் நீங்கள் கவலைப்படாதீர்கள், அதை நான் பேசிச் சரிசெய்துகொள்கிறேன்.